அமெரிக்க அரசுப் பணத்தில் கப்பலேறும் சரக்கு: ரிப்போர்ட் அனுப்புவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கணக்குகளுக்கு ஷிப்பிங் டாக்குமெண்டேஷன் பார்ப்பவர்கள் இப்போது சென்னையில் நிறைய. அந்த மேஜைக்கு ‘கார்கோ பிரிஃபரன்ஸ்’ என்று குறித்த ஃபைல் ஒன்று வந்தால், புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டுமில்லை, பழகிய கைகளும் கொஞ்சம் தயங்குகின்றன. அந்த ஃபைலில் உள்ள சரக்கு எந்தக் கப்பலில் போனது என்று அமெரிக்க அரசுக்கு அனுப்பும் ரிப்போர்ட் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் பிரிவு நான் சொல்வதோடு மோதினால், ஒப்பந்தம் சொல்வதுதான் செல்லும்.

கார்கோ பிரிஃபரன்ஸ்னா என்ன சார்? ஒரே வரியில சொல்லுங்க.

அமெரிக்க அரசின் பணம் பட்ட சரக்கு கடல் வழியாகப் போனால், சட்டம் சொல்லும் பங்கு அமெரிக்கக் கொடியுள்ள கப்பலில் போக வேண்டும்.

காரணம் ராணுவம். போர் வந்தால் தளவாடம் கொண்டுபோகக் கப்பலும் மாலுமிகளும் கையில் இருக்க வேண்டும். ஆனால் அமெரிக்க மாலுமிகளை வைத்துக் கப்பல் ஓட்டும் செலவு, லைபீரியா, பனாமா கொடிகளில் ஓட்டுவதைவிட மிக அதிகம். சும்மா விட்டால் எல்லோரும் கொடியை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அரசு தன் சரக்கையே அவர்களுக்கு வேலையாகக் கொடுக்கிறது. இதனால் உணவு உதவிக்கான பணம் கப்பல் கூலியில் கரைகிறது என்று ஒரு தரப்பும், கப்பல் படை இல்லாமல் நாட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று இன்னொரு தரப்பும் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகின்றன. அது அவர்கள் பாடு. நம் வேலை காகிதம்.

ஒருத்தர் 50 சதவீதம்ங்கிறார், ஒருத்தர் 100ங்கிறார், பழைய நோட்ல 75ன்னு இருக்கு. எது சரி?

மூன்றுமே ஒரு காலத்தில், ஒரு சரக்குக்குச் சரி. ராணுவச் சரக்குக்கு 1904ஆம் ஆண்டுச் சட்டம். அதில் 100 சதவீதம். அமெரிக்க எக்ஸிம் வங்கி கடன் கொடுத்து ஏற்றுமதியாகும் சரக்குக்கு 1934இல் வந்த பொதுத் தீர்மானம் 17. அதிலும் 100, ஆனால் விலக்கு கேட்க வழி உண்டு. மற்ற சிவில் துறைகளுக்கு 1954 ஆகஸ்ட் 26 அன்று கையெழுத்தான கார்கோ பிரிஃபரன்ஸ் சட்டம். அதில் குறைந்தது 50 சதவீதம்.

அந்த 75 உணவு உதவிக்கானது. 1985ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் குறிப்பிட்ட சில உணவு உதவித் திட்டங்களுக்கு 75 ஆக உயர்த்தியது. 2012 ஜூலையில் அது நீக்கப்பட்டு மறுபடி 50க்கு வந்தது. 75 என்று எழுதிய பயிற்சிக் கையேடு கையில் இருந்தால், அதற்கு வயது என்ன என்று முதலில் பாருங்கள்.

பொருள் எங்க கிளையண்டோடது. அரசாங்கம் வாங்கவே இல்லை. அப்புறம் எப்படி இது அரசு சரக்கு?

அரசு சொந்தமாக வாங்கினால்தான் என்று இல்லை. அரசு வாங்குவது, வெளிநாட்டுக்கு இலவசமாகக் கொடுப்பது, கடன் கொடுப்பது, கடனுக்கு உத்தரவாதம் நிற்பது, முன்பணம் தருவது எல்லாமே இதில் வரும். மானியம் வாங்கிய தொண்டு நிறுவனம் தானே டெண்டர் விட்டு வாங்கிய அரிசி மூட்டையும் இதில் சேர்த்திதான். 2008இல் சட்டத்தைத் திருத்தியபோது, கூட்டாட்சி நிதி எந்த வகையில் பட்டாலும் என்கிற அளவுக்கு வார்த்தையை இன்னும் அகலமாக்கிவிட்டார்கள்.

எனவே ‘பொருள் யாருடையது’ என்று கேட்காதீர்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

கப்பல் கம்பெனி டென்மார்க். அதுல எப்படி அமெரிக்கக் கொடி வரும்?

வரும். பார்க்க வேண்டியது கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான். தாய் நிறுவனம் எந்த ஊர், கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பது வேறு கதை.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் மெர்ஸ்க் அலபாமா. 2009 ஏப்ரல் 8 அன்று சோமாலியக் கடற்கொள்ளையர் ஏறிய கப்பல். தைவானின் காவ்ஷியுங்கில் கட்டப்பட்டது. டென்மார்க்கின் மெர்ஸ்க் குழுமத்துக்கு வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் இருக்கும் அமெரிக்கத் துணை நிறுவனம் அதை இயக்கியது. கொடி அமெரிக்கா, மாலுமிகள் 20 பேரும் அமெரிக்கர்கள். ஓமானின் சலாலாவிலிருந்து ஜிபூட்டி வழியாக மொம்பாசாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஏற்றியிருந்த சரக்கில் ஆப்பிரிக்காவுக்கான உணவு உதவியும் இருந்தது. கேப்டனைப் பிடித்துக்கொண்டு போனதைத்தான் உலகம் பார்த்தது. அந்த உணவு ஏன் அமெரிக்கக் கொடிக் கப்பலில் இருந்தது என்ற கேள்விக்கு விடை இந்தச் சட்டம்.

ஒரு நுணுக்கம் உண்டு. வெளிநாட்டில் கட்டிய கப்பல் புதிதாக அமெரிக்கக் கொடிக்கு மாறினால், சிவில் துறைச் சரக்கைப் பொறுத்தவரை பொதுவாக மூன்று ஆண்டு கழித்துத்தான் அது 50 சதவீதக் கணக்கில் சேரும். கடல்சார் பாதுகாப்புத் திட்டத்தில் அரசு உதவித்தொகை பெறும் கப்பல்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. அந்தத் திட்டத்தில் 60 கப்பல்களுக்கு இடம் உண்டு.

பில் ஆஃப் லேடிங் போகுது, கஸ்டம்ஸ்ல ஏற்றுமதி ஃபைலிங்கும் பண்றோம். இதுக்கு மேல தனி ரிப்போர்ட் எதுக்கு?

பில் ஆஃப் லேடிங் என்பது சரக்கை ஏற்றுக்கொண்டதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது. கஸ்டம்ஸ் ஃபைலிங்கில் எந்தப் பொருள், எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் இருக்கும். எந்த அரசுத் துறையின் பணம், கப்பல் கூலி எவ்வளவு என்பது இருக்காது. அந்தக் கணக்கை வைத்திருப்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கீழுள்ள கடல்சார் நிர்வாகம். எல்லோரும் மராட் என்பார்கள். ஒவ்வொரு துறையும் 50 சதவீதத்தைத் தொட்டதா என்று பார்ப்பது அதன் பொறுப்பு. நீங்கள் அனுப்பும் தாள்தான் அதற்குக் கணக்கு. அனுப்பாவிட்டால், அமெரிக்கக் கப்பலில் கூலி அதிகம் கொடுத்து ஏற்றிய சரக்குகூட எண்ணிக்கையில் சேராது.

சரி, என்னென்ன விவரம் கேக்குறாங்க?

கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 46ஆம் தலைப்பு, 381ஆம் பகுதியில் பட்டியல் இருக்கிறது. பணம் கொடுக்கும் அரசுத் துறை, கப்பலின் பெயர், கொடி, ஏற்றிய தேதி, ஏற்றிய துறைமுகம், கடைசியாக இறக்கும் துறைமுகம், சரக்கின் விவரம், மொத்த எடை பவுண்டில், கடல் கூலி மொத்தம் அமெரிக்க டாலரில். கூடவே தெளிவாகப் படிக்க முடிகிற, கூலி குறித்த, ‘ஆன் போர்டு’ (சரக்கு கப்பலில் ஏறிவிட்டது என்று குறித்த) பில் ஆஃப் லேடிங்கின் நகல், ஆங்கிலத்தில்.

ஒன்பதில் ஆறு, பில்லைப் பார்த்தாலே வந்துவிடும். தகராறு வருவது எடை, கூலி, அரசுத் துறை மூன்றில்தான். அதனால் அவற்றைத் தனித்தனியாகச் சொல்கிறேன்.

எடை எதைப் போடணும்? விஜிஎம் எடை இருக்கு, பில் எடை இருக்கு, ரெண்டும் ஒத்துப் போகலை.

ஒத்துப் போகவே போகாது. விஜிஎம் என்பது ஏற்றும் முன் சரிபார்த்துக் கொடுக்கும் கண்டெய்னர் எடை; அதில் காலி கண்டெய்னரின் எடையும் சேர்ந்திருக்கும். பில்லில் உள்ள மொத்த எடை சரக்கும் அதன் பேக்கிங்கும் மட்டும். ரிப்போர்ட்டுக்கு பில் எடையை எடுங்கள்.

அப்புறம் பவுண்டு. நாம் கிலோவிலேயே யோசிப்பதால் கிலோ எண்ணை அப்படியே பவுண்டு கட்டத்தில் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. 25,000 கிலோ என்றால் 55,116 பவுண்டு. 25,000 என்று போட்டால் பாதிக்கு மேல் சரக்கு காணாமல் போகும். 50 சதவீதம் என்பதே எடையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. இந்த ஒரு கட்டம் தப்பினால் மற்ற எட்டும் சரியாக இருந்து பயனில்லை.

பில்லில் ‘ஃப்ரைட் ஆஸ் அரேஞ்ச்டு’ன்னு போட்டிருக்கு. பரவாயில்லையா?

தொகையைச் சொல்லாமல் ‘பேசியபடி கூலி’ என்று மட்டும் போடுவது அது. பரவாயில்லை என்று சொல்ல முடியாது. கூலி குறித்த பில் வேண்டும் என்று விதியே சொல்கிறது. வாடிக்கையாளருக்குக் கூலி தெரியக்கூடாது என்பதற்காக வணிகச் சரக்கில் இப்படிப் போடுவது வழக்கம். இங்கே அந்த ரகசியத்துக்கு இடமில்லை. புக்கிங் போடும்போதே கூலி அச்சிட்ட நகல் ஒன்று வேண்டும் என்று கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். கப்பல் போன பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

கூலி என்றால் கடல் பகுதிக்கான கூலி. கிடங்கிலிருந்து கிடங்குக்கு ஒரே பில்லாக இருந்தால், லாரி, ரயில் செலவைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஃபார்வர்டரோட ஹவுஸ் பில் இருக்கு. அது போதும்ல?

ஹவுஸ் பில் என்பது இடையில் நின்று சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர் கொடுப்பது; மாஸ்டர் பில் கப்பல் கம்பெனி கொடுப்பது. பாதுகாப்புத் துறை ஒப்பந்தத்தில் ஹவுஸ் பில் நிச்சயமாகப் போதாது. அங்குள்ள பிரிவு, கப்பலை உண்மையில் இயக்கும் நிறுவனம் கொடுத்த பில் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறது. சிவில் துறையிலும் மாஸ்டர் பில்லையே இணைப்பது என் பழக்கம். ஹவுஸ் பில்லில் உள்ள கூலி ஃபார்வர்டர் வாங்கிய தொகை. கப்பல் கம்பெனிக்குப் போன தொகை அதுவல்ல.

பாதுகாப்புத் துறைப் பட்டியலில் கூடுதலாக முதன்மை ஒப்பந்த எண்ணும் கப்பல் கம்பெனியின் பெயரும் கேட்பார்கள். காலக்கெடுவும் வேறு: ஒவ்வொரு ஷிப்மெண்டுக்கும் பிறகு 30 நாள்.

சிவில் சரக்குக்கு 20 நாளா 30 நாளா? எந்த நாள்லேர்ந்து எண்ணணும்?

அமெரிக்காவில் ஏற்றினால் 20 வேலை நாள், வெளிநாட்டில் ஏற்றினால் 30 வேலை நாள். எண்ண ஆரம்பிப்பது சரக்கு கப்பலில் ஏறிய தேதியிலிருந்து. புக்கிங் தேதி, பில் வெளியிட்ட தேதி, கப்பல் போய்ச் சேரும் தேதி எதுவும் கணக்கில்லை.

2026 மார்ச் 2, திங்கட்கிழமை ஹூஸ்டனில் ஏற்றியதாக வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளிலிருந்து சனி, ஞாயிறு விட்டு எண்ணினால் 20ஆவது வேலை நாள் மார்ச் 30. அதே தேதியில் சென்னையில் ஏற்றியிருந்தால் 30ஆவது நாள் ஏப்ரல் 13. நடுவில் ஏப்ரல் 3 புனித வெள்ளி. நமக்கு விடுமுறை, ஆனால் அமெரிக்கக் கூட்டாட்சி விடுமுறைப் பட்டியலில் அது கிடையாது. அந்த நாளையும் எண்ண வேண்டும். நம் ஊர்க் காலண்டரை வைத்து எண்ணினால் கெடு தாண்டிவிடும்.

கடைசி நேரத்துல சரக்கு அடுத்த கப்பலுக்குத் தள்ளிப் போயிடுச்சு. பழைய கப்பல் பெயரே இருக்கட்டுமா?

இருக்கக்கூடாது. ஆன் போர்டு பில்லில் எந்தக் கப்பல், எந்தத் தேதி இருக்கிறதோ அதுதான். தள்ளிப் போன கப்பலின் கொடியும் வேறாக இருக்கலாம், அதையும் பாருங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் திருத்தம் என்று தலைப்பிட்டு மறுபடி அனுப்புங்கள்.

அமெரிக்கக் கப்பல் கிடைக்கலை, வேற கொடியில போட்டாச்சு. அப்போ ரிப்போர்ட் தேவையில்லதானே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்வியால்தான். தேவை. எந்தக் கொடியில் போனாலும் தேவை. ஜெயித்தவர் வாங்கிய ஓட்டை மட்டும் எண்ணிவிட்டு எத்தனை சதவீதம் என்று சொல்ல முடியுமா? மொத்தம் எவ்வளவு போனது என்று தெரிந்தால்தான் அமெரிக்கக் கொடியின் பங்கு தெரியும். வேற்றுக்கொடி ஷிப்மெண்டை அனுப்பாமல் விட்டால், அந்தத் துறையின் சதவீதம் பொய்யாக உயர்ந்து நிற்கும். தணிக்கையில் அது மறைத்ததாகத்தான் தெரியும்.

‘கிடைக்கவில்லை’ என்பதையும் நீங்களாகச் சொல்லிக்கொள்ள முடியாது. எந்தக் கம்பெனிகளைக் கேட்டோம், என்ன பதில் வந்தது என்ற மின்னஞ்சல்களைச் சேர்த்து, பணம் கொடுக்கும் துறையிடம் ஏற்றுவதற்கு முன்பே கொண்டுபோக வேண்டும். ஏற்றிய பிறகு எழுதும் விளக்கத்துக்கு மதிப்பு குறைவு.

‘கூலி ரொம்ப அதிகம் சார்’ என்பதும் தானாக ஒரு காரணம் ஆகாது. நியாயமான கூலியில் கிடைத்தால் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அந்த நியாயம் வேற்றுக்கொடிக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. அமெரிக்கக் கப்பலை இயக்கும் செலவை வைத்து மராட் அதைக் கணக்கிடுகிறது. இரண்டு மடங்கு விலை என்று மேசையைத் தட்டிப் பயனில்லை.

கண்டெய்னர்ல நாங்க 80 சதவீதம் அமெரிக்கக் கொடி. பல்க்ல 20தான். சேர்த்துப் பார்த்தா 50 வருதே?

சேர்த்துப் பார்க்கக்கூடாது. உலர் பல்க் கப்பல் (தானியம் மாதிரி மொத்தமாகக் கொட்டி ஏற்றுவது), உலர் சரக்கு லைனர் (கண்டெய்னர் மாதிரி சரக்கோடு குறித்த தடத்தில் ஓடுவது), டேங்கர் (திரவச் சரக்குக்கு) மூன்றுக்கும் தனித்தனியாக 50 சதவீதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. லைனரில் மிச்சம் வைத்த புண்ணியம் பல்க்குக்கு வராது.

பாதி வழி அமெரிக்கக் கப்பல், அப்புறம் ஃபீடர்ல மாத்துறாங்க. எந்தக் கொடியைப் போடுறது?

ஃபீடர் என்றால் பெரிய கப்பலிலிருந்து சரக்கை மாற்றி எடுத்துப் போகும் சின்னக் கப்பல். இரண்டின் கொடியையும் காட்டுங்கள். மாற்றும் துறைமுகத்தையும் குறிப்பிடுங்கள். கடைசி இறக்கும் துறைமுகம் என்ற கட்டத்தில் ஃபீடர் போய்ச் சேரும் துறைமுகம்தான் வர வேண்டும்; சலாலாவில் மாற்றி மொம்பாசாவுக்குப் போனால் மொம்பாசா. உணவு உதவி டெண்டர்களில் பி1, பி2, பி3 என்று பார்த்திருப்பீர்கள். முழுக்க அமெரிக்கக் கொடி, பாதிப் பாதி, முழுக்க வேற்றுக்கொடி என்று அந்த மூன்றையும் பிரித்து வைத்திருப்பதே இதற்காகத்தான். பி2 சேவையை பி1 மாதிரி எழுதி அனுப்புவது வெறும் சோம்பலாகத்தான் ஆரம்பிக்கும். பிறகு பெரிய விளக்கக் கடிதத்தில் போய் முடியும்.

ரிப்போர்ட் யார் அனுப்பணும்? நாங்களா, கப்பல் கம்பெனியா, கிளையண்டா?

கொள்முதல் ஒப்பந்தம் என்றால் முதன்மை ஒப்பந்தக்காரர். துணை ஒப்பந்தக்காரரின் பில்களும் அவர் வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நகல் ஒப்பந்த அதிகாரிக்கு, ஒரு நகல் மராட்டுக்கு. மானியம், கடன் என்றால் அதை வாங்கியவர் தன் ஒப்பந்தக்காரர்களிடம் எழுதி வாங்கி அனுப்ப வைக்க வேண்டும். நம்மைப் போன்ற டாக்குமெண்டேஷன் ஆட்கள் அவர்கள் சார்பில் அனுப்பலாம். ஆனால் பொறுப்பு கைமாறாது.

ஒரே ஒரு கண்டெய்னர்தான். இதுக்குமா?

381ஆம் பகுதியில் இத்தனை கிலோவுக்குக் கீழே வேண்டாம் என்று எடை வரம்பு இல்லை. கடையில் கிடைக்கும் வணிகப் பொருட்களுக்கான துணை ஒப்பந்தங்களுக்குச் சில விலக்குகள் ஒப்பந்தப் பிரிவில் உண்டு. உங்கள் சரக்கு அதில் வருகிறதா என்று படித்துப் பாருங்கள், ஊகிக்க வேண்டாம். விமானத்தில் போனால் இந்த ரிப்போர்ட் இல்லை.

எக்ஸிம் வங்கிக் கடன்ல போற மெஷினரி. அதுக்கும் இதே 50 சதவீதமா?

இல்லை, மேலே சொன்ன 1934 தீர்மானம். இது நம் இந்திய எக்ஸிம் வங்கி அல்ல, அமெரிக்காவினுடையது. பொதுவாக 2 கோடி டாலருக்கு மேற்பட்ட, அல்லது 7 ஆண்டுக்கு மேல் திருப்பிச் செலுத்தும் நேரடிக் கடனும் நீண்டகால உத்தரவாதமும் இதில் சிக்கும். முழுச் சரக்கும் அமெரிக்கக் கொடியில் போக வேண்டும். கடன் வாங்கும் நாடு அமெரிக்கக் கப்பல்களிடம் பாகுபாடு காட்டவில்லை என்றால், அந்த நாட்டுக் கப்பல்களுக்குப் பாதி வரை விட்டுக்கொடுக்கும் பொது விலக்கு உண்டு. கப்பலே இல்லை என்றால் அதற்குத் தனி விலக்கு. இரண்டையும் மராட்டிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். இங்கே தப்பினால் கடன் பணம் விடுவிப்பதிலேயே சிக்கல் வரும் என்பதால், மற்ற எவரையும்விட இந்த வாடிக்கையாளர்கள்தான் ஒழுங்காகத் தாள் கொடுப்பார்கள்.

அனுப்பாம விட்டா என்ன பண்ணிடுவாங்க?

பெரும்பாலும் முதலில் நினைவூட்டல் வரும். ஆனால் 2008 திருத்தத்துக்குப் பிறகு மராட்டின் கையில் சாட்டை இருக்கிறது. தெரிந்தே, வேண்டுமென்றே சட்டத்தை மீறினால் ஒரு மீறலுக்கு 25,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் வைத்தது. தொடரும் மீறலில் ஒவ்வொரு நாளும் தனி மீறல். பங்கு குறைந்த துறையிடம், சட்டத்துக்கு உட்படாத வேறு சரக்கை அதே அளவுக்கு அமெரிக்கக் கப்பலில் ஏற்றி ஈடுகட்டச் சொல்லவும் முடியும்.

யுஎஸ்எய்ட் இப்ப இல்லையே. அரசுத் துறை கட்டத்துல யார் பேரைப் போடுறது?

2025 ஜூலை 1இலிருந்து அந்த அமெரிக்க உதவி அமைப்பின் வெளிநாட்டு உதவிப் பணிகள் வெளியுறவுத் துறைக்குப் போய்விட்டன. பழைய ஒப்பந்தங்கள் திருத்தப்பட்டு வேறு துறையின் பெயரில் தொடர்கின்றன என்றால், கடைசித் திருத்தத்தில் உள்ள பெயரைப் போடுங்கள். டெம்ப்ளேட்டில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதை அழிக்க வேண்டியிருக்கும். சந்தேகம் இருந்தால் ஒப்பந்த அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல். அந்த எடை யார் கணக்கில் ஏறும் என்பதை இந்தக் கட்டம்தான் முடிவு செய்கிறது.

எங்க தாத்தா சொல்ற பி.எல். 480 கோதுமையும் இதுல வந்ததா?

வந்தது. உணவு உதவிக்கான பப்ளிக் லா 480 கையெழுத்தானது 1954 ஜூலை 10. கார்கோ பிரிஃபரன்ஸ் சட்டம் அதற்கு ஒன்றரை மாதம் கழித்து. ஐம்பது, அறுபதுகளில் அந்தக் கோதுமையை மிக அதிகம் வாங்கிய நாடு இந்தியா. கப்பல் வந்தால்தான் சாப்பாடு என்று சொன்ன காலத்தில், அந்தத் திட்டச் சரக்குக்கும் இந்தப் பாதிப் பங்கு விதி பொருந்தியது.

சரக்கு சென்னையில ஏறி ஆப்பிரிக்கா போகுது. அமெரிக்கா பக்கமே போகலை. இதுக்கும் உண்டா?

பணம் அமெரிக்க அரசுடையது என்றால் உண்டு. எய்ட்ஸ் ஒழிப்புக்காக 2003இல் தொடங்கிய அமெரிக்காவின் பெப்ஃபார் திட்டத்தில் இந்திய ஜெனரிக் மருந்துகளை ஆப்பிரிக்காவுக்கு அமெரிக்கப் பணத்தில் வாங்கி வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சரக்கு கடல் வழியே போனால் அமெரிக்க மண்ணைத் தொடாவிட்டாலும் கேள்வி எழும். வெளிநாட்டுக் கரன்சியில் வாங்கிய சரக்குக்கு ஒரு குறுகலான விலக்கு உண்டு, உங்களுடையது அதில் வருகிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

இந்த வழித்தடத்தில் அமெரிக்கக் கொடிக் கப்பல் நேராகக் கிடைப்பது அரிது. அதனால் மேலே ‘கிடைக்கலை’ கேள்வியில் சொன்ன மின்னஞ்சல் கோப்பு இங்கேதான் அதிகம் தேவைப்படும். கெடு 30 வேலை நாள். கூலியை ரூபாயில் கட்டியிருந்தால் டாலராக மாற்றி, எந்தத் தேதி மாற்று விகிதம் என்பதை ஓரத்தில் குறித்து அனுப்புங்கள்.